படம் பார்த்து யாராவது பட்டினி கிடப்பார்களா?

3 மார்ச் 2024, மாலை (இழையைத் தொடங்கியவரின் கேள்வி)

சினிமாவையும் இன்ஸ்டாகிராமையும் பார்த்து நம் பிள்ளைகள் சாப்பாட்டை விடுகிறார்கள் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எனக்கு இது வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் படித்து வந்த கவலையாகத்தான் தெரிகிறது. நடிகையின் பெயரை இட்லிக்கு வைத்த ஊர் நம் ஊர். பூசினாற்போல் இருந்தால்தான் அழகு என்ற ஊர். இங்கே யார் என்ன சாப்பிடுவது என்று முடிவு செய்வது வீடு. படம் பார்த்து யாராவது பட்டினி கிடப்பார்களா? மறுப்பவர்கள் வரலாம்.

3 மார்ச், இரவு 10.40

வந்துவிட்டேன்.

குஷ்பு இட்லியையே எடுத்துக்கொள்வோம். எங்கள் அம்மாயி மாவாட்டும்போது ஊறவைத்த ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் சேர்த்து ஆட்டுவார். இட்லி பஞ்சு மாதிரி வரும். வீட்டில் அதற்குப் பெயரெல்லாம் கிடையாது, "மெத்துனு வந்திருக்குது" என்பதோடு சரி. தொண்ணூறுகளில் ஈரோட்டுத் தள்ளுவண்டிக்காரர்கள் அதையே குஷ்பு இட்லி என்று கூவி விற்றார்கள். அம்மாயிக்கு அது யார் என்றே தெரியாது. பெயர் வந்தது திரையிலிருந்து. கன்னம் உப்பிய முகத்தை ஊரே ரசிக்க வைக்கத் திரையால் முடிந்தது என்றால், எலும்பு தெரியும் முகத்தை ரசிக்க வைக்கவும் முடியும். உங்கள் உதாரணம் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

3 மார்ச், இரவு 11.20

தூக்கம் வரவில்லை, ஒரு சேதி.

ஃபிஜித் தீவு. நம்மவர்களைக் கரும்பு வெட்டக் கொண்டுபோன அதே ஃபிஜிதான், ஆனால் இது அங்கேயுள்ள பூர்வகுடிப் பெண்பிள்ளைகளைப் பற்றியது. நட்ரோகா என்ற பகுதிக்குத் தொலைக்காட்சி 1995-இல்தான் வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மானுடவியலும் படித்தவர், டிவி வந்து சில வாரங்களே ஆனபோது அங்கிருந்த பள்ளி மாணவிகளிடம் சாப்பாடு, உடம்பு பற்றிக் கேள்விகள் கேட்டார். மூன்று வருடம் கழித்து 1998-இல் திரும்பப் போய்க் கேட்டார். உடம்பு ஏறக்கூடாதென்று சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறோம் என்று முதல் தடவை ஒருத்தி கூடச் சொல்லவில்லை. இரண்டாவது தடவை 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள்.

அதற்கு முன் அந்த ஊர் எப்படி இருந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். நன்றாகச் சாப்பிட்டுத் திடமாக இருப்பதுதான் அங்கே லட்சணம். ஒரு பிள்ளை இளைத்தால் சுற்றி இருப்பவர்கள் கவனிக்கவில்லை என்று அர்த்தம். பசி எடுக்காமல் போவதற்கு 'மதாகே' என்று ஒரு நோய்ப் பெயரே வைத்து, பச்சிலைச் சாறு கொடுப்பார்கள். இதைப் படித்தபோது அம்மாயி குரல்தான் கேட்டது: "என்ன கண்ணு, கொத்தவரங்கா கணக்கா ஆயிட்டே? உங்கொம்மா சோறு போடறாளா இல்லையா?" ஒல்லியானது நான், திட்டு அம்மாவுக்கு.

பூசின உடம்பைக் கொண்டாடும் ஊர் என்பதெல்லாம் காப்பு ஆகாது. அவர்களும் அப்படிக் கொண்டாடியவர்கள்தான்.

4 மார்ச், காலை

திருத்தம். ராத்திரி வேகத்தில் பெரிய குண்டு மாதிரி போட்டுவிட்டேன். முதல் தடவை 63 பேர், இரண்டாவது தடவை 65 பேர். 11.3 சதவீதம் என்றால் ஏறக்குறைய ஏழு பிள்ளைகள். இரண்டு தடவையும் கேட்டது ஒரே பிள்ளைகளிடம் இல்லை, அதே வயதுள்ள வேறு வேறு பிள்ளைகளிடம். அந்த மூன்று வருடத்தில் டிவி மட்டும்தான் வந்தது, வேறெதுவும் மாறவில்லை என்றும் சொல்ல முடியாது. ஏழு பேர் ஏழு பேர்தான், லேசான விஷயமும் இல்லை. "டிவி வந்தது, சோறு போனது" என்று சுவரில் எழுதுகிற அளவுக்கு இல்லை, அவ்வளவே.

4 மார்ச், மதியம்

"ஆம்பளைப் பசங்க கதை என்ன?" என்று கேட்டவருக்கு:

2008-இல் தமிழ் சினிமாவில் எங்கே பார்த்தாலும் சிக்ஸ் பேக் பேச்சு. சூர்யா வயிற்றில் கட்டம் கட்டமாகக் காட்டினார். அதே வருடம் எங்கள் அண்ணன் ஜிம்மில் சேர்ந்தான். தினம் பத்து முட்டை வேகவைத்து வெள்ளையை மட்டும் தின்பான். மஞ்சள் கருவைத் தூக்கிப் போட அம்மாவுக்கு மனசு வராது, நாய்க்கு வைத்தார். ஆறு மாதத்தில் அண்ணனுக்கு ஒரு கட்டமும் வரவில்லை. நாய் உருண்டை ஆகிவிட்டது, படி ஏற முடியாது.

சிரிப்பதற்குச் சொல்கிறேன், ஆனால் அவன் அந்த வருடம் ஒரு கல்யாணப் பந்தியில்கூட உட்காரவில்லை. அப்பா கூப்பிட்டும் வரவில்லை. வெறும் உடம்பைக் காட்டும் காட்சிக்கு முந்தின நாள் தண்ணீரையே குறைத்துக்கொண்டு, எடுக்கும் சமயம் தசை முறுக்கி நிற்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது பல வருடம் கழித்து. அன்றைக்குச் சொன்னான்: "ஒரு நாள் இருக்கற வயித்த வருசம் பூரா வெச்சுக்கப் பார்த்தேன் பாரு."

7 மார்ச், இரவு

என் கதையைச் சொல்லாமல் தப்பிக்கப் பார்த்தேன். விட மாட்டீர்கள் போல.

2019. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு உடம்பு இறங்கவே இல்லை. முகநூலில் ஒரு உணவுமுறைக் குழுவில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். காலையில் எண்ணி எண்ணி பாதாம், மதியம் முட்டை, வெண்ணெய் போட்ட டீ. சோறு, இட்லி, தோசை எல்லாவற்றுக்கும் சத்தியப் பிரமாணம் செய்த மாதிரி தடை. தினமும் 'முன்பு, பின்பு' படங்கள் வரும். முன்பில் எல்லோரும் மங்கிய நைட்டி, அழுத முகம். பின்பில் சுடிதார், சிரிப்பு, வெளிச்சம். நைட்டியை மாற்றிச் சிரித்திருந்தாலே பாதி வித்தியாசம் தெரிந்திருக்கும், அப்போது எனக்கு இது தோன்றவில்லை.

இளைத்தேன். முடி கொட்டியது, பாத்ரூம் சல்லடையில் பந்து பந்தாக. அது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது ராத்திரி சங்கதி.

பிள்ளைகள் தூங்கின பிறகு, ஃபோன் வெளிச்சத்தைக் குறைத்து, சத்தத்தை அணைத்து, சமையல் வீடியோ பார்ப்பேன். புதுக்கோட்டைப் பக்கம் தாத்தாவும் பேரன்மாரும் சேர்ந்து வயல்காட்டில் அண்டா வைத்துச் சமைப்பார்களே, வில்லேஜ் குக்கிங் சேனல், அதில் ஒன்று விடமாட்டேன். மசாலா அம்மியில் இழைந்து இறங்கும்போது நாக்கு ஊறும். அடுத்தது கொரியாக்காரர்கள் கேமரா முன் உட்கார்ந்து மலை மாதிரி தின்கிற வீடியோக்கள். அது முடிந்தால் குழுவில் 'பின்பு' படங்கள். திரும்பவும் அண்டா. ஒரே கட்டைவிரல், ஒரே திரை, ஒரு தள்ளலுக்கு இடுப்பு, அடுத்த தள்ளலுக்கு பிரியாணி. ஒரு நாள் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க எழுந்து வந்து பார்த்துவிட்டு, "பசிக்குதா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றேன். கண்ணில் தண்ணீர் நின்றது.

8 மார்ச், காலை

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு சந்தேகம். வீடியோ என்னைப் பசிக்க வைத்ததா, பசி என்னை வீடியோ பார்க்க வைத்ததா?

1944-45-இல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். யுத்தத்துக்குப் போக மனசாட்சி ஒப்பாத 36 இளைஞர்கள் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். ஐரோப்பாவில் பட்டினி கிடந்தவர்களை எப்படி மீட்பது என்று தெரிந்துகொள்ள இவர்களை 24 வாரம் அரைவயிற்றோடு வைத்தார்கள். ஆரோக்கியமான ஆண்கள், உடம்பைப் பற்றி எந்தக் குறையும் இல்லாதவர்கள். வாரங்கள் போகப்போக அவர்கள் சமையல் புத்தகங்களை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார்கள். செய்முறைகளை எழுதி வைத்துக்கொண்டார்கள். பேச்செல்லாம் சாப்பாடு. தட்டில் இருப்பதை மணிக்கணக்காக வைத்துக் கலந்து கலந்து தின்றார்கள்.

டிவி இல்லை, ஃபோன் இல்லை. பசி இருந்தது, புத்தகத்தைத் தேடிப் போனது. என்னுடையதும் அதேதான். ஆகவே அண்டா வீடியோக்காரர்கள் மேல் எனக்கு வழக்கு இல்லை, வாபஸ். அவர்கள் சமைத்து முடித்து முதியோர்களை உட்கார வைத்துப் பரிமாறுவார்கள், நல்ல மனுஷர்கள். 'முன்பு, பின்பு' மேல் வழக்கு இருக்கிறது.

8 மார்ச், மாலை

இல்லை ஐயா, பாதாம் எத்தனை என்று சொல்ல மாட்டேன். ஆரம்பிக்காதீர்கள்.

15 மார்ச், இரவு

ஒரு வாரமாக வேலை.

ஃபிஜிக்குத் திரும்பப் போகிறேன், ஏனென்றால் கதையின் முக்கியமான பாதியை விட்டுவிட்டேன். பெக்கர் குழு பிறகு இன்னும் பெரிய ஆய்வு செய்தது, 500-க்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகள், 2011-இல் வெளியானது. அதில் தெரிந்தது: அந்தப் பிள்ளை எவ்வளவு டிவி பார்க்கிறாள் என்பதைவிட, அவள் தோழிகள் எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதற்கும் அவளுடைய சாப்பாட்டுக் குழப்பத்துக்கும்தான் தொடர்பு அதிகம். தன் வீட்டில் டிவி இல்லை என்றாலும் தப்பிக்க முடியாது.

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் கல்லூரி ஹாஸ்டல் அப்படியே அதுதான்.

கோயம்புத்தூர், 2003. டிவி பொது அறையில் ஒன்றே ஒன்று, சாவி வார்டனிடம். எனக்கு அதில் ஆசையும் கிடையாது. அறையில் இன்னும் மூன்று பேர். ஞாயிறு மேட்னி பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டு பேசுவார்கள். கதை பேச மாட்டார்கள். இடுப்பு பேசுவார்கள். "அவளுக்கு வயிறுன்னு ஒண்ணு இருக்கா பாரு", "நமக்கெல்லாம் இந்த ஜென்மத்துல வராது". சொல்லிவிட்டு அவரவர் வயிற்றைக் கிள்ளிப் பார்ப்பார்கள். நான் படமே பார்க்காதவள், நானும் கிள்ளினேன்.

மாதம் ஒரு தடவை ஊருக்குப் போகும்போது ஜங்ஷனில் கலர் பல்பு சுற்றும் எடை மிஷின். காசு போட்டால் 'டக்'கென்று ஒரு அட்டை விழும். ஒரு பக்கம் எடையும் ஜோசியமும், மறுபக்கம் நடிகை படம். திருப்பினால் அவள், திருப்பினால் நான். அந்த அட்டைகளை டிகிரி முடிக்கிற வரை பர்ஸில் அடுக்கி வைத்திருந்தேன். ஜோசியம் எதுவும் பலிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

16 மார்ச்

இதன் தொடர்ச்சியாக, நாம் எல்லோரும் கதாநாயகியைப் பற்றியே பேசுகிறோம். எனக்குக் கதாநாயகி ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவள் எங்கேயோ பனிமலையில் ஆடிக்கொண்டிருந்தாள். என்னைக் கடித்தது காமெடி டிராக். குண்டாக ஒருவர் வந்து நின்றாலே தியேட்டரில் சிரிப்பு. நாற்காலி உடையும், பூமி அதிரும், பூசணிக்காய், லாரி, ரோடு ரோலர். திங்கட்கிழமை காலை அந்த வசனம் எங்கள் எட்டாம் வகுப்புக்கு வந்துவிடும். பின்பெஞ்சுப் பையன் அதே ராகத்தில் சொல்லுவான், வகுப்பே சிரிக்கும், நானும் சிரிப்பேன், சிரிக்காவிட்டால் அது இன்னும் பெரிதாகும். ஆனால் மதிய டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மூடியால் மறைத்துக்கொண்டு தின்னப் பழகினது அந்த வருடம்தான்.

படம் கண் வழியாக வருகிறது என்று நினைக்கிறோம். எனக்கு வந்ததெல்லாம் பக்கத்தில் இருந்தவர்களின் வாய் வழியாக.

16 மார்ச், சற்றுப் பிறகு

ஆமாம், நிறத்தைப் பற்றியும் இதே மாதிரி எழுதலாம். அந்தச் சிவப்பழகு கிரீம்காரர்கள் 2020-இல் 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' போட்டார்கள். அதற்குத் தனி இழை திறவுங்கள், இங்கே வேண்டாம்.

2 ஏப்ரல்

ஒருவர் 2021-இல் வெளியே கசிந்த ஃபேஸ்புக் ஆவணத்தைப் போட்டு, "மூன்றில் ஒரு பெண்பிள்ளையின் உடம்பைப் பற்றிய வருத்தத்தை இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள், வழக்கு முடிந்தது" என்கிறார். முடியவில்லை. அது ஏற்கனவே அந்த வருத்தம் இருப்பதாகச் சொன்ன பிள்ளைகளைப் பற்றிய கணக்கு என்று கம்பெனி பதில் சொன்னது. பதில் அவர்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கும், தெரியும். ஆனாலும் அந்தப் பதிலைப் படித்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஏற்கனவே புண் இருக்கிற இடத்தில்தான் உப்பு வைக்கிறோம் என்பது என்ன மாதிரி எதிர்வாதம்?

28 ஏப்ரல், இரவு

இப்போது நடப்பது. அக்கா மகள், ஒன்பதாவது. மூன்று மாதமாக டிபன் பாக்ஸ் பாதி பாதியாகத் திரும்பி வருகிறது. கேட்டால் "டைம் இல்லை", "ஆறிப்போச்சு". பள்ளியில் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.4. அக்கா பதறிப்போய் எனக்கு ஃபோன் செய்தாள்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்வது. அதே ஆய்வில் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை. இரண்டும் ஒரே மாநிலம், சில சமயம் ஒரே வீடு, ஒரே ஆள். இதையெல்லாம் இன்ஸ்டாகிராம் தலையில் கட்ட முடியாது. கீரையும் இரும்புச்சத்தும் போய்ச் சேராதது பழைய கதை. எங்கள் பாப்பாவுக்கு எது காரணம் என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

ஆனால் அவள் ஃபோனை வாங்கிப் பார்த்தேன். செல்ஃபி கேமராவைத் திறந்ததும் என் முகம் எனக்கே புதுசாக இருந்தது. தாடை ஒடுங்கி, கன்னம் வழுவழுவென்று. ஓரத்தில் 'அழகு' என்று ஒரு அளவுகோல், பாதிக்கு மேல் தள்ளி வைத்திருக்கிறது. "இதை நீ வெச்சியா?" என்றேன். "ஃபோன் வாங்கறப்பவே அப்படித்தான் சித்தி." கோலைப் பூஜ்யத்துக்கு இழுத்தேன். பள்ளி அடையாள அட்டைக்கு எடுத்த படத்தை வேண்டாம் என்று அழுததாக அக்கா சொன்னது அப்போதுதான் புரிந்தது. அட்டையில் இருப்பது அவள். ஃபோனில் பழகினது வேறொருத்தி.

29 ஏப்ரல்

"ஃபோனைப் பிடுங்கி வையுங்கள்" என்று ஏழு பேர். பிடுங்கி வைத்தால் தோழிகள் ஃபோனையும் பிடுங்க வேண்டும். 15 மார்ச் குறிப்பைப் படிக்காமலே பதில் எழுதுகிறீர்கள்.

19 மே, நள்ளிரவு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாளாக யோசித்தேன்.

லீவுக்கு பாப்பா எங்கள் வீட்டில் இருக்கிறாள். இரும்புச்சத்து மாத்திரை போகிறது, மருத்துவர் சொன்னபடி ஒரு ஆலோசகரிடமும் கூட்டிப் போகிறார்கள். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, முகத்தைப் பார்க்காமல், எப்போதிலிருந்து மதியம் சாப்பிடப் பிடிக்காமல் போயிற்று என்று கேட்டேன். கிளிப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"மாமா கல்யாணத்துலேர்ந்து."

அங்கே என்ன நடந்தது என்று கேட்டேன்.

"காய்ச்சல் வந்து இளைச்சிருந்தேன்ல. பாவாடை தாவணி கட்டிக்கிட்டு வந்தேன். நீங்கதான் சித்தி எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இளைச்சு எவ்வளவு அழகாயிட்டேன்னு. குடும்ப குரூப்ல ஃபோட்டோ போட்டு, ஹீரோயின்னு எழுதினீங்க. அதுக்குத்தான் நிறைய ஹார்ட் வந்துச்சு."

குரூப்பில் போய்ப் பார்த்தேன். இருக்கிறது. 23 பேர் ஹார்ட் போட்டிருக்கிறார்கள். அவளுடைய முந்தைய பிறந்தநாள் படத்துக்கு நான்கு.

இழையைத் தொடங்கியவருக்கு: வீடுதான் முடிவு செய்கிறது என்றீர்கள். அதை மறுத்துத்தான் இத்தனை குறிப்பும் எழுதினேன். இந்த மட்டில் வாபஸ் வாங்குகிறேன்.

20 மே

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. "காரணம் ஒன்றாக இருக்காது" என்று சொல்கிறீர்கள், ஆலோசகரும் அதையேதான் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். படத்தை அழித்துவிடலாமா என்று பாப்பாவிடமே கேட்டேன். "வேண்டாம், அதுல நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

எடை மிஷினைப் பரண் மேல் போட்டாயிற்று. வீட்டுக்காரர் அதற்கு ஸ்டூல் போட்டு ஏறினார், ஸ்டூல் ஆடியது. நான் சிரிக்கவில்லை.

2 ஜூன்

இத்தனைக்கும் நடுவில் ஒருவர் மட்டும் மூன்று மாதமாக "அந்த இட்லிக்கு அளவு என்ன?" என்றே கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் விடாமுயற்சிக்காக:

ஆமணக்கு எல்லாம் அம்மாயி கைக்குத்தான் சரி. பச்சையாக வாயில் போனால் விஷம், அளவு தெரியாமல் போடக்கூடாது. நான் ஜவ்வரிசி போடுகிறேன். இட்லி அரிசி இரண்டு டம்ளர், உளுந்து அரை டம்ளர், ஜவ்வரிசி அரை டம்ளர், வெந்தயம் கொஞ்சம். தனித்தனியாக ஊறவைத்து, உளுந்தைப் பொங்கப் பொங்க ஆட்டி, பிறகு அரிசியும் ஜவ்வரிசியும். ராத்திரி புளிக்க விட்டு, காலையில் மாவை ரொம்பக் கலக்காமல் மேலாக அள்ளி ஊற்றுங்கள். துணி போட்ட தட்டாக இருந்தால் நல்லது.

குஷ்புவே 2021-இல் 20 கிலோ குறைத்ததாகப் படம் போட்டிருந்தார், அப்புறமும் வண்டிக்காரர்கள் பெயரை மாற்றவில்லை.

இன்றைக்குக் காலை எங்கள் வீட்டில் அதுதான். தக்காளிச் சட்னி, நிலக்கடலைச் சட்னி. பாப்பா தட்டை யாரும் பார்க்கக் கூடாது, எத்தனை தின்றாள் என்று எண்ணக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். வீட்டுக்காரர் பேப்பரை மறைத்துக்கொண்டு படித்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். மூன்று.